கபடி வீரரின் கார், கொள்முதல் நிலையத் தொழிலாளியின் சாவு: டெல்டா ஊர் ஒன்றிலிருந்து நிகழ்வு ஆய்வு

இது மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஊர் ஒன்றில் நடந்தது. இறந்தவர் பெயர், வண்டி ஓட்டியவர் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்க் கபடிக் குழுவின் ஆலோசகர். வண்டி ஓட்டியவர் என்னிடம் படித்தவர். இறந்தவரின் மகனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான்.

விபத்து நடந்தபிறகு ஊரும் வெளியுலகமும் எப்படிப் பேசின, அந்தப் பேச்சு எதையெல்லாம் மறைத்தது, குழு எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தது, ஏன் எடுத்தது என்று பதிவு செய்கிறேன். நாளைக்கு இன்னொரு ஊரில் இப்படி ஒன்று நடந்தால் அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி

பொங்கலை ஒட்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். மைதானத்தைச் சமன்படுத்தி, விளக்குக் கட்டி, விடிய விடிய ஆடுவார்கள். மைக்கில் வர்ணனை, ஓரத்தில் சுண்டல் கடை, ஜெயித்த அணிக்குக் கோப்பையோடு கிடாயும் உண்டு. 2014-ல் புரோ கபடி லீக் வந்தபிறகு இந்த ஆட்டத்துக்கு இன்னொரு முகம் கிடைத்தது. நேற்றுவரை வயலில் நாற்றுக்கட்டுத் தூக்கிய பையன் டிவியில் தெரிந்தான், ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை போனான். எங்கள் ஊர் வீரரும் அப்படி வெளிமாநில அணி ஒன்றுக்குப் போனவர்தான். அப்பா குத்தகை விவசாயி. ஊர் எல்லையில் அவர் படம் போட்ட பிளெக்ஸ் ஆண்டு முழுக்க நிற்கும். லீக் சம்பளத்தில் வாங்கிய கார் ஊருக்குள் வந்தால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

இறந்தவருக்கு வயது 41. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளி. சம்பா அறுவடைக் காலத்தில் அந்த வேலைக்கு நேரம் காலம் கிடையாது. விவசாயி கொண்டுவந்து கொட்டிய நெல்லைத் தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, தைத்து, அட்டி அடுக்கி, லாரி வந்தால் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். லாரி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சீசன் இல்லாதபோது நூறு நாள் வேலை, நடவு, செங்கல் சூளை. மனைவி, வயதான அம்மா, இரண்டு பெண்கள், பிளஸ் டூ படிக்கும் பையன் என வீட்டில் ஐந்து பேர் அவர் சம்பாத்தியத்தில் இருந்தார்கள்.

வீரர் வீடு ஒரு தெரு, இறந்தவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. இரண்டு தெருவும் இரண்டு சாதி. அடுத்த சில வாரங்களில் வந்த பேச்சு பலவற்றுக்கும் அடியில் இதுவும் இருந்தது.

அன்றிரவு

பொங்கல் கழிந்த வாரம். பக்கத்து ஊர்ப் போட்டியைத் தொடங்கி வைக்க வீரரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டார்கள். அப்புறம் தோப்பில் விருந்து. அங்கே சரக்கு இருந்தது. இரவு பத்தே முக்கால் வாக்கில் வீரர் காரை எடுத்தார், கூட இரண்டு நண்பர்கள். ‘ஓட்டாதே’ என்று சொன்னதாக ஒருவரும் எங்கள் விசாரிப்பில் சொல்லவில்லை. சாவியை வாங்கியிருக்கக்கூடியவர்கள் எட்டுப் பத்துப் பேர் அங்கே இருந்தார்கள்.

சாலையின் இடது ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பகலில் பரப்பி, இரவில் அம்பாரமாகக் கூட்டி, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கருங்கல் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், களம் போதாது, அதனால் சாலைதான் களம். கார் அந்தக் கல்லைத் தவிர்க்க வலது பக்கம் ஏறியது. எதிரே, தன் பக்கத்தில் சரியாக வந்துகொண்டிருந்த டிவிஎஸ் எக்ஸெல் மீது மோதி, வண்டியை இழுத்துக்கொண்டு போய் மதகுச் சுவரில் நின்றது. பின்னால் வந்த பால் வேன்காரர் 108-க்குப் போன் செய்தார். தாலுகா மருத்துவமனையில் முதலுதவி கொடுத்துத் திருவாரூருக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீரருக்குப் பெரிய காயம் இல்லை. இன்னொரு காரில் அவரை உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தகவல் வந்தது.

முதல் முடிவு: ‘தெளியட்டும்’ என்ற பேச்சு

உறவினர் வீட்டுத் திண்ணையில் நான் போனபோது ஏழெட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். இரண்டு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, காலையில் ஸ்டேஷனுக்குப் போகலாம், அதற்குள் போதை தெளிந்துவிடும். இன்னொன்று, பக்கத்து சீட்டில் இருந்த நண்பன் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம். அவனுக்கு வேலை இல்லை, கல்யாணம் ஆகவில்லை, வண்டி ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு, “சரி மாமா, நானே போறேன்” என்றான். இருபத்து மூன்று வயது. வலியில் இடது தோளைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

இரண்டையும் நான் எதிர்த்தேன். குழுத் தலைவரும் என்னோடு நின்றார். அங்கே சொன்ன காரணங்களை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நியாயம் பேசினால் யார் காதிலும் ஏறாது, விவரம் பேசினால் ஏறும்.

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் குற்றம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் அதைக் கழிக்கும். 70 இருந்தவருக்கு மூன்று மணி நேரத்தில் அளவுக்குக் கீழே வந்துவிடும். காலைவரை காத்திருப்பது என்றால் சாட்சியத்தை அழிப்பது என்றுதான் பொருள். ஊரே அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரும் நம் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

ஆள் மாற்றம் அதைவிட மோசம். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலது பக்கம். சீட் பெல்ட் அவருக்கு வலது தோளிலிருந்து இறங்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து இறங்கும். வீரருக்கு வலது தோளெலும்பின் மேல் பெல்ட் அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது. நண்பனுக்கு இடது தோளெலும்பு உடைந்திருந்தது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லாரும் ஏ.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில், டாக்டர் காயத்தை அப்படியே எழுதுவார். இல்லாத குற்றத்துக்கு ஒரு பையன் போவான், இருக்கிற குற்றத்தோடு பொய்யும் சேர்ந்து வீரர் மேல் விழும்.

2024 மே மாதம் புனேயில் நடந்ததையும் சொன்னேன். சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டிய சிறுவனுக்கு முதலில் கிடைத்த ஜாமீனில் 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னதும், ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானதும் நாடு முழுக்கப் பேச்சானது. விபத்தைவிட மறைக்கப் பார்த்ததுதான் அங்கே மக்களைக் கொதிக்க வைத்தது.

வீரரின் அப்பா கடைசிவரை பேசவில்லை. பிறகு எழுந்து, “சார் சொல்றதுதான் சரி. வண்டியை எடு” என்றார். நள்ளிரவு கடந்து கொஞ்ச நேரத்தில் வீரர் ஸ்டேஷனில் இருந்தார். கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குள் ரத்தம் எடுக்கப்பட்டது.

விடிந்தபோது

எனக்கு வந்த முதல் வாட்ஸ்அப் செய்தி வீரரின் படத்தோடு இருந்தது. “நம் சிங்கம் நலம் பெறப் பிரார்த்திப்போம்.” இறந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்து டிவியில் கீழே ஓடும் செய்தியில், ‘பிரபல கபடி வீரரின் கார் மோதி தொழிலாளி பலி’. அதிலும் படம் வீரருடையது. இரண்டு செய்தியின் நோக்கமும் நேர் எதிர். இறந்தவருக்குப் பெயர் கொடுக்காததில் மட்டும் இரண்டும் ஒன்று.

எட்டு மணிக்குத் திருத்துறைப்பூண்டி சாலையில் மறியல் தொடங்கியது. பஸ்கள் வரிசையாக நின்றன. அதற்குள் இன்னொரு செய்தி பரவியிருந்தது: ‘அன்றைக்கே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள்’. அது உண்மையில்லை, ஆனால் அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106(1)-ஆம் பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்தது என்றால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல், 105-ஆம் பிரிவு. 10 ஆண்டு வரை தண்டனை, ஜாமீன் கோர்ட்டில்தான். முதல் தகவல் அறிக்கை 106(1)-ல் போடப்பட்டிருந்தது. மறியலில் இருந்தவர்களுக்குப் பிரிவு எண் தெரியாது. ஆனால் பெரிய ஆள் என்றால் சின்னக் கேஸாகப் போய்விடும் என்று அனுபவத்தில் தெரியும்.

குழுப் பையன்கள் நாற்பது பேர் ஒன்று திரண்டு அந்தப் பக்கம் போகக் கிளம்பினார்கள், ‘நம்ம ஆளை அசிங்கமாப் பேசுறாங்க’ என்று. இரண்டாவது முடிவு இங்கே எடுத்தோம். குழுவின் பனியன் போட்ட யாரும் அன்றைக்கு மெயின் ரோட்டுக்கோ ஜி.எச்.சுக்கோ போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டினோம். தலைவரும் பொருளாளரும் நானும் மட்டும் பிணவறைக்குப் போனோம். ஆறுதல் சொல்லவோ பணம் கொடுக்கவோ முயலவில்லை. உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவியிடம், “ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சும்மா. ரத்தம் எடுத்தாச்சு. ஓட்டுனது அவர்தான்னு நாங்களே சொல்லியிருக்கோம்” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “எழுதிக் குடுப்பீங்களா சார்?” என்று கேட்டார். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் நடத்திய பேச்சுவார்த்தையில் எங்கள் மூவர் கையெழுத்தோடு அதை எழுதிக் கொடுத்தோம். மதியத்துக்குமேல் உடலை வாங்கினார்கள். மறியல் கலைந்தது எங்கள் தாளால் மட்டும் இல்லை. கைது ஆகிவிட்டது என்று அதிகாரிகளும் சொன்னார்கள். ஆனால் ‘ஆளை மாத்திட்டாங்க’ என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

பேச்சு போன பாதை

அடுத்த இரண்டு வாரம் வந்த எதிர்வினைகளைப் பையன்களை விட்டுச் சேகரிக்கச் சொன்னேன். படிக்கப் படிக்க மனசு கனத்தது.

வெளியூர்க்காரர்கள் பலர் ‘தூக்கில் போடு’, ‘என்கவுண்டர் பண்ணு’ என்று எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் அது வீரரின் சாதி, அப்புறம் எங்கள் மாவட்டம், அப்புறம் கபடி ஆடுகிற எல்லாருமே குடிகாரர்கள் என்று போனது. கல்லூரியில் படிக்கும் வீரரின் தங்கைக்கு அசிங்கமான செய்திகள் வந்தன. அவள் ஒரு மாதம் கல்லூரிக்குப் போகவில்லை. அவள் என்ன தப்புச் செய்தாள்?

இந்தப் பக்கம், ‘ஒரு தப்புக்காக வாழ்க்கையையே அழிக்கணுமா’, ‘ஏழை வீட்டுப் பையன் முன்னேறினா பொறுக்காது’ என்று எழுதினார்கள். இதில் சொல்கிறவர்களின் வலி எனக்குத் தெரியும். மைதானத்தில் அந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆனால் இறந்தவரும் ஏழைதான். அவர் முன்னேறவில்லை என்பதற்காக அவர் உயிர் குறைந்த கணக்கில் வராது.

இதில் மிகவும் கெட்டது மூன்றாவது வகை. ‘அந்த ஆளும் குடித்திருந்தான்’, ‘லைட் போடாமல் வந்தான்’ என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சுமைதூக்கும் ஆள் என்றாலே குடிப்பான் என்ற நினைப்பு பலருக்கு மனதில் ஊறியிருப்பதால் இது தீயாகப் பரவியது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புச் சோதனையில் ஆல்கஹால் இல்லை என்று பிறகு வந்தது. எக்ஸெல்லின் விளக்குச் சுவிட்சு போட்ட நிலையில் இருந்ததை, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு விவரத்தையும் பூட்டியிருந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். வதந்தியை அனுப்பிய அளவுக்கு அதை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்தக் கிளப்பல் அவர் மகன் காதுக்குப் பள்ளியிலேயே போய்விட்டது.

இன்னொரு தரப்பார் நெல் காயவைத்த விவசாயிமேல் பழி போட்டார்கள். சாலையில் நெல் கொட்டுவது ஆபத்துதான், அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆனால் அன்றிரவு அந்தச் சாலையில் அதே அம்பாரத்தைத் தாண்டிப் பஸ்ஸும் லாரியும் ஒழுங்காகப் போயிருக்கின்றன.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அங்கே நடந்த வழக்கு ஒன்றை எழுதி அனுப்பினான். 2009 மார்ச்சில் மியாமி கடற்கரைப் பக்கம் டான்டே ஸ்டால்வொர்த் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதி, இரவு வேலை முடிந்து பஸ் பிடிக்கப் போன கிரேன் தொழிலாளி ஒருவர் இறந்தார். வீரர் தப்பி ஓடாமல் அங்கேயே நின்றார், குற்றத்தை ஒப்புக்கொண்டார். 30 நாள் சிறை, இரண்டு ஆண்டு வீட்டுக்காவல், 1,000 மணி நேரச் சமூக சேவை என்று தீர்ப்பு வந்தது. இறந்தவர் குடும்பம் வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்று விரும்பியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குடும்பத்தோடு தனியாகப் பண உடன்பாடும் ஆகியிருந்தது. லீக் அவரை அந்த சீசன் முழுக்க விலக்கி வைத்தது. நாய்ச் சண்டை நடத்திய இன்னொரு வீரருக்கு 23 மாதம், மனிதரைக் கொன்றவருக்கு 30 நாளா என்று அங்கே மக்கள் கொதித்தார்கள்.

அந்தச் செய்தி எங்கள் ஊரில் நேர்மாறாகப் பயன்பட்டது. ‘பாருங்க, அங்கேயே பணத்தைக் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க’ என்று சிலர் அதிலிருந்து ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள்.

ராஜிப் பத்திரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். கையில் 3 லட்சம், ஒரு முத்திரைத்தாள். ‘இனி எந்த வழக்கும் நடத்த மாட்டோம், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்’ என்று தட்டச்சு செய்திருந்தது. போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர்ச் சண்டை வராமல் இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தவர்கள். வீரரின் அப்பா நிலத்தை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம் அது.

அந்த அம்மா கையெழுத்துப் போடாமல், “பி.டி. சாரைக் கேட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறார். நாங்கள் எடுத்த மூன்றாவது முடிவு, என் பார்வையில் இந்த நிகழ்விலேயே முக்கியமான முடிவு: குழு இந்த ராஜியில் நிற்காது. குடும்பத்துக்குத் தனியாக வக்கீல் வேண்டும், அந்த வக்கீல் எங்கள் பக்கத்து ஆளாக இருக்கக் கூடாது.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் பேசினாலே வழி சொல்வார்கள். அங்கே கிடைத்த பெண் வக்கீல் முதலில் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கினார். 105, 106 இரண்டுமே சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் இல்லை. ஊர் ராஜியாகிவிட்டது என்று வழக்கு தானாக முடிந்துவிடாது. அடுத்தது, மோட்டார் வாகன விபத்துக் கோருரிமைத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது, அதனால் தள்ளிப்போடக் கூடாது.

பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். மாத வருமானம் 15,000 என்று நிரூபிக்க முடிந்தால், வயது நாற்பதைத் தாண்டியதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 18,750. ஆண்டுக்கு 2,25,000. வீட்டில் நாலு முதல் ஆறு பேர் அவரை நம்பியிருந்தால் அவர் சொந்தச் செலவென்று கால் பங்கு கழித்து 1,68,750. 41 முதல் 45 வயது என்றால் அதை 14-ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 23,62,500. இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் தனி. 2009-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு முறை இது. ஓட்டுநர் குடித்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று வாதாடும். அப்படிப்பட்ட வழக்குகளில், முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வந்திருக்கின்றன.

3 லட்சத்தை நீட்டியவர்களும் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். ஒருவர், “இது தெரியாதே சார்” என்றார். தெரிந்துகொள்ள யாரும் கேட்கவில்லை. மூன்று வாரமாக ஊரும் உலகமும் வீரருக்கு என்ன ஆகும் என்று பேசியது. அவருக்குச் சாதகமாகவோ எதிராகவோ எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. இந்த வீட்டுக்கு என்ன உரிமை உண்டு என்று ஒரு செய்தியில்கூட வரவில்லை.

வருமானத்துக்குச் சான்று வேண்டுமே என்றபோது அந்த அம்மா உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். மகனின் பழைய கணக்கு நோட்டு. முதல் சில பக்கங்களில் அல்ஜீப்ரா. மீதியில் இறந்தவர் பென்சிலால் தேதி, மூட்டை, கூலி, யாரோடு ஏற்றினேன் என்பதுவரை எழுதியிருந்தார். லாரி வராமல் காத்திருந்த நாட்களுக்கு ‘0’ போட்டு ஒரு கோடு. மூன்று சீசனுக்கு ஒரு நாள்கூட விடுபடவில்லை.

பிரிவு மாற்றமும் ஜாமீனும்

ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. அனுமதி அளவைப்போல் மூன்று மடங்குக்குமேல். போலீஸ் வழக்கை 105-க்கு மாற்றியது. வீரர் சிறைக்குப் போனார். 2006-ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர்கள்மேல் கார் ஏறி 7 பேர் இறந்த வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த பிரிவில் கிடைத்த தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. எங்கள் வழக்கில் என்ன ஆகும் என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. அணி நிர்வாகம் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது.

சில வாரம் கழித்துச் செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. அன்று மாலை பிளெக்ஸ் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். ‘மீண்டு வா சிங்கமே’ என்று பத்துக்கு ஆறு அடியில் ஆர்டர் வந்திருக்கிறது, அடிக்கலாமா என்று கேட்டார். சரவெடியும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் கேட்காமல் அடித்துக் கொடுத்திருந்தால் அடுத்த நாள் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

நான்காவது முடிவு: வரவேற்பு கிடையாது. பையன்களைக் கூட்டி உட்கார வைத்தோம். கோபம்தான். “நம்ம ஆளுக்கு நாமளே இல்லன்னா யாரு சார்?” என்று கேட்டான் ஒருவன். அவனிடம் நான், ‘அவரோடு இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு தெருவுக்கும் நடுவில் இருக்கிற பாலத்தில் வெடி வெடித்தால் அந்த நோட்டு எழுதினவர் வீட்டுப் பிள்ளைகள் காதில் எப்படி விழும் என்று சொல்’ என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. வெடி திரும்பக் கடைக்குப் போனது. வீரர் இரவு பஸ்ஸில், அப்பாவோடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ஊர் எல்லையில் இருந்த பழைய பிளெக்ஸையும் குழுவே கழற்றியது.

வீரர் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாட்சிகளைச் சந்திக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. குடும்பமும் பார்க்க விரும்பவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எதிரே இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்று அவரிடம் சொன்னோம்.

இப்போதைய நிலை

குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. குழுவின் மூன்று பேரும் அரசுத் தரப்புச் சாட்சிகள். தீர்ப்பாயத்தில் மனு எண்ணிடப்பட்டு விசாரணை நடக்கிறது. அடுத்த வாய்தாவில் அந்த நோட்டைச் சான்றாவணமாகக் குறிக்க இருக்கிறார்கள், கூட மூட்டை தூக்கிய இரண்டு பேர் கூலியை விட்டுவிட்டு வந்து கையெழுத்தை அடையாளம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மகன் பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டான். தெருக்களுக்கிடையே கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் குழுவில் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை.

இனி மாற்றியிருப்பவை

எங்கள் குழு நடத்தும் போட்டியிலோ, எங்கள் வீரர்களைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடும் போட்டியிலோ ஆட்டத்துக்குப் பிறகு சரக்கு விருந்து கிடையாது என்று அழைப்பிதழ் வாங்கும்போதே எழுதி வாங்குகிறோம். விருந்தினரைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட, குடிக்காத ஓட்டுநரோடு வண்டி ஏற்பாடு செய்வது அழைத்தவர் பொறுப்பு. சில ஊர்கள் இதற்காகவே எங்களை அழைப்பதை நிறுத்திவிட்டன.

நெடுஞ்சாலையை ஒட்டி மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். பிறகு அதில் தளர்வுகள் வந்தன. கடையை 220 மீட்டர் தள்ளினாலும் 500 மீட்டர் தள்ளினாலும், தோப்பில் பாட்டிலைத் திறந்துவைத்து ஊரே கொண்டாடும்போது அந்த அளவு வேலைக்கு ஆகாது. அதனால்தான் சாவி விஷயத்தை விதியாக்கினோம்: விருந்தில் யாராவது குடித்தால் அவர் வண்டிச் சாவி குழுப் பொருளாளரிடம் இருக்க வேண்டும், அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும்.

விபத்து நடந்த முதல் நாளில் குடும்பத்துக்குத் தேவையான விவரங்களை ஒரே தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம். முதல் தகவல் அறிக்கை நகல் எங்கே கேட்பது, ஏ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, 15100, ஆறு மாதக் கெடு, எந்த வெற்று முத்திரைத்தாளிலும் கையெழுத்து வேண்டாம் என்பது. கொள்முதல் நிலையத் தொழிலாளர்களிடம் தினக் கணக்கை எழுதி வைக்கச் சொல்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. தீர்ப்பு வரும்வரை வீரர் எங்கள் மைதானத்தில் பயிற்சி எடுக்கலாமா என்பது. அவர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகவில்லை, ஆட்டம்தான் அவர் பிழைப்பு என்கிறார்கள் சிலர். அது உண்மையும்கூட. மைதானம் பள்ளிக்கூடத்துடையது, அங்கே இறந்தவரின் மகன் தினமும் வருகிறான் என்பது என் பதில். இப்போதைக்கு மன்னார்குடியில் வேறு மைதானத்தில் அவர் பயிற்சி எடுக்கிறார். அடுத்த பொதுக்குழுவில் மறுபடியும் இதைப் பேசுவோம்.